ராஜ்பவன் உதுமான்

தாராவி தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் மொத்தம் நான்கு உதுமான்கள். ஹாஜி உதுமான், பிரியாணி உதுமான், குறட்டை உதுமான், ராஜ்பவன் உதுமான். முதல் மூவரும் தங்கள் பட்டத்தைப் பாடுபட்டுச் சம்பாதித்தவர்கள். ஹாஜியார் மக்காவுக்குப் போய் வந்தார். பிரியாணிக்காரர் முப்பது வருஷமாக அடுப்படியில் வேகிறார். குறட்டைக்காரரின் உழைப்பை எதிர்வீட்டுக்காரர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய ராஜ்பவன் உதுமான் மட்டும் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிப் பட்டம் வாங்கியவர். ஆட்டிய தலையை அதற்கப்புறம் நிறுத்த முடியாமல் போனதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு.

கடையநல்லூரிலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்தவர். இப்போது ஐம்பத்தெட்டு. சோபா வேலை. பழைய சோபாவைப் பிரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்சை மாற்றி, புது ரெக்சின் போர்த்திக் கொடுப்பார். கீழே பத்துக்குப் பத்தில் கடை, மேலே ஏணிப்படி ஏறினால் வீடு. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று கடைக்குள் வந்தால் உதுமான் தெருவுக்குப் போயாக வேண்டும். அதனால் அவருடைய பாதி வேலை தெருவில்தான் நடந்தது. போகிற வருகிறவர்களுக்கு அவர் வாயிலிருந்து கதை கேட்கும் வசதியும் அப்படித்தான் அமைந்தது.

கதைக்கு முன்னால் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்து சோபாக்காரர்கள் வேலை முடிந்ததும் சோபாவைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் பெயரும் போன் நம்பரும் உள்ள கார்டு ஒன்றை ஸ்டேப்பிள் கன்னால் நான்கு மூலையிலும் அடித்துவிடுவார்கள். உட்காருகிறவன் கண்ணில் அது படாது. என்றைக்காவது கிழிந்துபோய்க் கவிழ்த்துப் பார்க்கும்போது, அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடாமல் அது காவல் காக்கும். உதுமானின் கார்டில் ‘உஸ்மான் சோபா வர்க்ஸ்’ என்று இந்தியில் இருக்கும். அதை நறுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூறு நூறாகக் கட்டி வைப்பது அவர் மனைவி நூர் நிஷாவின் வேலை. அந்த விஷயத்தில் அவளிடம் ஒரு மில்லிமீட்டர் ஏமாற்ற முடியாது.

இனி மாளிகை. மலபார் ஹில்லின் கடைசி முனையில், மூன்று பக்கமும் கடல் சூழ, மரங்களுக்குள் மறைந்திருக்கிறது ராஜ்பவன். மாநில ஆளுநர் குடியிருப்பது அங்கே. தில்லியிலிருந்து ஜனாதிபதி மும்பைக்கு வந்தால் தங்குவதும் அங்கேதான். தாராவியிலிருந்து டாக்சியில் முக்கால் மணி நேரம். ஆனாலும் சந்தில் ஒருத்தரும் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. தாண்டவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை என்பதும் உண்மை.

பதினாலு வருஷத்துக்கு முன் உதுமானுக்கு வந்தது. ஜனாதிபதி வருகிறார் என்று மாளிகையைப் பளபளப்பாக்கும் வேலை ஒரு கான்ட்ராக்டருக்குக் கிடைத்து, அவர் தாராவியில் வந்து ஆறு பேரைப் பொறுக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போன இடத்தில் ஆளுக்கொரு மூலையைக் காட்டினார்கள். ஐந்து பேரைக் கட்டடங்களுக்குள் அழைத்துக்கொண்டு போனார்கள். உதுமானை மட்டும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மாளிகைக்கு வருகிற பெரிய மனிதர்களின் கார் டிரைவர்கள் காத்திருக்கும் இடம். அதில் சுவரோடு சுவராகப் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு பெஞ்சு, உள்ளே வைத்திருந்த தேங்காய் நார் வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதுதான் உன் வேலை என்றார்கள்.

எட்டு நாள் செய்தார். கோபத்தில் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஜனாதிபதி வருகிற வீட்டில் தனக்கு டிரைவர் பெஞ்சா என்ற ஆத்திரத்தில், அடியில் ஸ்பாஞ்சைத் தாங்கும் பட்டையை யாரும் கேட்காமலே இரட்டையாகக் கட்டினார், யாரும் கேட்காத கனத்தில் ஸ்பாஞ்ச் போட்டார். கடைசி நாள் கைப்பழக்கத்தில் பெஞ்சின் அடியில் குனிந்து கார்டையும் அடித்துவிட்டார். வேனில் ஏறிய பிறகுதான் கான்ட்ராக்டர் முதல் நாளே அதை மட்டும் செய்யக் கூடாது என்று எச்சரித்தது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம், சந்துக்குள் காக்கிச் சட்டை தெரிந்தாலே உதுமான் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார்.

அந்த எட்டு நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் ஜம்பு. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், அங்கே தோட்டக்காரராக இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்கு வந்து மாளிகையின் வரலாறு முழுவதையும் அவிழ்ப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னர் பரேலில் குடியிருந்தது, அதற்கும் முன்னால் அந்தக் கட்டடம் பாதிரிமார்களின் மடமாக இருந்தது, கவர்னரின் மனைவி அங்கே காலராவில் இறந்துபோனது, அப்புறம்தான் காற்று நல்ல காற்று என்று இந்தக் கடல் முனைக்கு ஜாகை மாறியது, எல்லாம் சொன்னார். மயில்கள் விடிகாலையில் எந்தப் பக்கம் வரும், எந்த அதிகாரிக்கு எந்தப் பூ பிடிக்காது என்பது வரை அவருக்கு அத்துப்படி.

எட்டாம் நாள் சாயங்காலம் உதுமான் வீட்டுக்கு வந்து பசியோடு தட்டின் முன் உட்கார்ந்தார். வாய் நிறையச் சோறு. நூர் நிஷா கேட்டாள்.

“அந்தப் பெரியவரு உக்காருத சோபாவா செஞ்சிய?”

உதுமான் தலையை ஆட்டினார். பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினார் என்று பின்னாளில் அல்லாவிடம் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார். சோற்றை விழுங்கிவிட்டு விவரம் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகம் அவரை அப்படிப் பார்த்ததில்லை. விழுங்கியது சோற்றை மட்டுமில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் பட்டம் வந்துவிட்டது. பட்டம் வந்தால் அதற்குத் தீனி போட வேண்டாமா? முதல் வருஷம் அது வெறும் சோபா. இரண்டாம் வருஷம் அதற்குத் தங்க நிறக் கரை வந்தது. நாலாம் வருஷம், உட்கார்ந்த பெரியவருக்கு எழுந்திருக்கவே மனசில்லை என்றாகிவிட்டது. மாளிகைக்கு அடியில் வெள்ளைக்காரன் கட்டிய பதுங்கு சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பேப்பரில் வந்ததே, அன்றைக்கு உதுமான் ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டே, “நான் நடக்கும்போதே தெரிஞ்சுது, தரை பொள்ளுனு சத்தம் குடுத்துது” என்றார். சந்து வாயைப் பிளந்தது.

நூர் நிஷா அவரைவிட ஒரு படி மேலே போனாள். கல்யாண வீடுகளில் அவளுக்கு முன்வரிசை. ராஜ்பவன் மாமி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். அவள் கெட்டிக்காரி, சீட்டுப் பிடிப்பதில் புலி, ஏமாற்று ஆசாமிகளை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். ஆனால் புருஷன் சொன்ன இந்த ஒன்றை மட்டும் அவள் சோதித்துப் பார்க்கவேயில்லை. இருக்கிற கொஞ்சம் பெருமையைப் போய் யாராவது உரசிப் பார்ப்பார்களா?

நம்பாத ஒரே ஜீவன் உதுமானின் தங்கை ஹாஃபிஸா. பக்கத்துச் சந்தில் இருக்கிறாள். சின்ன வயதில் அண்ணன் கீழே விழுந்துவிட்டு மாடு முட்டியது என்று சொன்னதையெல்லாம் கூட இருந்து பார்த்தவள். கதை வரும்போதெல்லாம், “அப்படியாண்ணே?” என்று மட்டும் கேட்பாள். அதைக் கேட்டதும் உதுமான் ஸ்பாஞ்சை அளக்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

இப்படியே போயிருந்தால் செத்து மையத்து எடுக்கும்போதுகூட ராஜ்பவன் உதுமானாகவே எடுத்திருப்பார்கள். மகள் சஃப்ரீன் கெடுத்தாள். அந்தேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், செல்போனிலேயே உலகத்தைத் திறந்து பார்க்கிறவள். பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்குப் புடவை, வேட்டி என்று வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா? மாளிகையைப் பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள், ஆன்லைனில் புக் பண்ணினால் போதும் என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை விடிகாலைக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டாள். வாப்பா, உம்மா, தான், ஹாஃபிஸா மாமி.

“உம்மா, வாப்பா செஞ்ச சோபாவ நேர்ல பாக்கப் போறோம்” என்றாள்.

நூர் நிஷா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். உதுமானுக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நாலு நாளில் அலுத்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே பார்த்த அந்த முகம் போய்விட்டால் அதை எங்கே போய்த் தேடுவது?

அடுத்த பத்து நாள் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. முதலில் முட்டுவலி என்றார். அவரைவிட மோசமான முட்டு நூர் நிஷாவுடையது, அவளே வருகிறாள் என்று அது தள்ளுபடியானது. அங்கே வேலை பார்த்தவர்கள் இருபது வருஷத்துக்குத் திரும்ப உள்ளே போகக் கூடாது, பாதுகாப்புச் சட்டம் என்றார். சஃப்ரீன் போனில் தேடி, அப்படி ஒரு சட்டமும் இல்லை என்று அரை நிமிஷத்தில் சொன்னாள். ஆதார் கார்டு தொலைந்துவிட்டது என்றார். அதை நூர் நிஷா பழைய ஸ்பாஞ்ச் மூட்டைக்குள்ளிருந்து எடுத்து வந்து, இது எப்படி இதுக்குள்ள போச்சு என்று ஆச்சரியப்பட்டாள். உதுமானும் கூடச் சேர்ந்து ஆச்சரியப்பட்டார்.

கடைசியில் சான்பாடாவுக்கு ரயிலேறினார். ஜம்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கே மகன் வீட்டில் இருந்தார். பால்கனியில் பதினெட்டுத் தொட்டி வைத்து, அதை ஆளுநர் தோட்டம் போலவே அதட்டிக்கொண்டிருந்தார். உதுமான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் ஜம்பு செடியைப் பார்த்துச் சிரித்தார், பிறகு உதுமானைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்கா இப்பிடி வேர்க்கீரு? பெரிய கூடத்துல பத்துப் பன்னெண்டு சோபா கெடக்கு. சன்னல் ஓரத்துல இருக்கத ஒண்ணக் காட்டும்வே. சோபா என்ன எந்திரிச்சா சாட்சி சொல்லப் போவுது?”

உதுமானுக்கு உயிர் வந்தது. திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நாலு பேரும் டாக்சியில் போய் இறங்கினார்கள். நூர் நிஷா பெருநாளுக்கு எடுத்த புடவை கட்டியிருந்தாள். கேட்டில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆதாரைப் பார்த்து உள்ளே விட்டார்கள். வலது கைப் பக்கம் தகரக் கொட்டகை அப்படியே இருந்தது. உதுமான் அந்தப் பக்கம் திரும்பாமல், கழுத்துப் பிடித்துக்கொண்டவர் மாதிரி இடது பக்கக் குரோட்டன்ஸ் செடிகளையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

இருபத்தைந்து பேர் கொண்ட கூட்டம். வழிகாட்டியாக ஒரு மராட்டிப் பெண், சுறுசுறுப்பானவள். கடலுக்கு மேல் வெளிச்சம் வருவதைக் காட்டினாள். மயில் ஒன்று வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போயிற்று. அவள் இந்தியில் வரலாற்றைத் தொடங்கினாள். கவர்னர் முதலில் எங்கே குடியிருந்தார் தெரியுமா என்றாள். “பரேல்” என்றார் உதுமான். அங்கிருந்து ஏன் வந்தார்கள்? “மேம்சாப் காலராவில் போய்விட்டார்” என்றார் உதுமான். வழிகாட்டி அசந்துபோய், ஐயா பேராசிரியரா என்று கேட்டாள். முலுண்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அவரை மரியாதையாகத் திரும்பிப் பார்த்தது. நூர் நிஷாவின் நடையே மாறியது. சுரங்கத்துக்குள் இறங்கியபோதுதான் சின்ன இடறல். பல வருஷம் யாருக்கும் தெரியாமல் மூடிக் கிடந்ததை 2016இல்தான் கண்டுபிடித்தார்கள் என்று வழிகாட்டி சொல்ல, ஹாஃபிஸா, “அப்படியாண்ணே?” என்றாள்.

அதற்கப்புறம் கூடம். வாசலில் செருப்பைக் கழற்றவேண்டியதில்லை என்று சொல்லியும் நூர் நிஷா கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பளிங்குத் தரை, தொங்கு விளக்குகள், சோபாக்களைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. உட்காரக் கூடாது, தொடக் கூடாது. நூர் நிஷா புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள். எது என்று கேட்கவில்லை, கண்ணாலேயே கேட்டாள். உதுமான் சன்னல் ஓரத்துச் சந்தன நிறச் சோபாவைக் காட்டினார்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நேராக வழிகாட்டியிடம் போய், தாராவி இந்தியில், அது என் வீட்டுக்காரர் கையால் செய்தது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தைந்து பேரையும் கூப்பிட்டு, இந்த மாளிகைக்கு வேலை செய்த கைவினைஞர் நம்மோடு இருக்கிறார் என்று அறிவித்தாள். கைதட்டினார்கள். முலுண்ட் குடும்பத்துத் தாத்தா உதுமானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நூர் நிஷா அடுத்ததைச் சொன்னாள். அடியில் கார்டு இருக்கும், நானே நறுக்கியது, அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

உதுமான், “அதெல்லாம் வேண்டாம்ளா, சட்டமில்ல” என்றார். ஆனால் வழிகாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டதே. ஒரு சிப்பந்தியைக் கூப்பிட்டு டார்ச்சை வாங்கினாள். நூர் நிஷா கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, பெருநாள் புடவையோடு குப்புறக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாஃபிஸாவும் குனிந்தாள். இந்த ஒரு நாளுக்காகத்தானே அவள் பதினாலு வருஷம் காத்திருந்தாள்.

அடித்துணி வெள்ளையாக இருந்தது. அதில் அழகாகத் தைத்த ஒரு பட்டைத் துணி. பட்டைத் துணியில் வேறு யாரோ ஒரு கம்பெனியின் பெயர். டார்ச் வெளிச்சம் அந்தப் பெயரை விட்டு நகரவில்லை.

சிப்பந்தி கைகொடுத்துத் தூக்கினார். கூட்டம் மரியாதையாக அடுத்த சுவரில் இருந்த படத்தைப் பார்க்கப் போயிற்று. வழிகாட்டி, சோபாக்களை அவ்வப்போது மாற்றுவார்கள் என்று தயவோடு சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு உதுமான் கரையேறியிருக்கலாம். வாயைத் திறந்தார். வரவில்லை. பதினாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொய் அவருக்கு வர மறுத்தது. கடலை ஒட்டிய பாதையில் மற்றவர்கள் முன்னால் போனபோது, நூர் நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாய் நிறையச் சோறு இருந்தது, தலையை ஆட்டினேன், நீ பார்த்த பார்வையில் அப்புறம் சொல்லத் தோன்றவில்லை, நான் செய்தது டிரைவர்கள் உட்காரும் பெஞ்சு.

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“ஊரு பூரா என்னையும் பொய் சொல்ல வச்சிட்டியளே” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மணி நேரம் இன்னும் நடக்கவேண்டியிருந்தது. புல்வெளி, கொடிமரம், கடலைப் பார்த்த சின்னக் கோயில், மறுபடி புல்வெளி. அவ்வளவு பெரிய இடத்தில் வந்தவர்கள் உட்கார ஒரு கல் கிடையாது. நூர் நிஷா விந்தி விந்தி நடந்தாள். உதுமான் தோள் கொடுக்கப் போனார், அவள் சஃப்ரீனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஹாஃபிஸா ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பேச வேண்டியதையெல்லாம் சந்துக்குப் போய்ப் பேசுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று உதுமானுக்குத் தெரியும்.

கேட்டுக்கு வந்தபோது போனைத் திரும்ப வாங்க நீள வரிசை. நூர் நிஷாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் நேராகத் தகரக் கொட்டகைக்குள் போய், சுவர் ஓரத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மெரூன் ரெக்சின் வெளுத்து, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் ஓர் இடத்திலும் கிழிசல் இல்லை, பள்ளம் இல்லை. ஒரு முனையில் வெள்ளைச் சீருடை போட்ட வயதான டிரைவர் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். அப்போது வெளியிலிருந்து இன்னொரு டிரைவர் தலையை நீட்டி, “உஸ்மான் காலி ஹை க்யா?” என்று கேட்டார். உஸ்மான் காலியாக இருக்கிறதா என்று அர்த்தம்.

நூர் நிஷா நிமிர்ந்தாள். உஸ்மான் யார் என்று கேட்டாள். வயதானவர் சிரித்துக்கொண்டே பெஞ்சைத் தட்டிக் காட்டினார். இதுதான் உஸ்மான். வெயில் காலத்தில் தரையில் படுத்த ஒருத்தர் அடியில் ஏதோ கார்டைப் பார்த்தார், அதிலிருந்து அதுதான் பேர். எங்கள் முதலாளி சாப்கள் உள்ளே போனால் சில நாள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும். எங்களுக்கு இடுப்பை நீட்ட இந்த ஊரிலேயே இப்படி ஒரு இடம் இல்லை. நான் எத்தனையோ பெரிய வீட்டுக் கொட்டகையில் காத்திருந்திருக்கிறேன், மரப்பலகை போடுவார்கள், சிமெண்டுத் திண்டு போடுவார்கள், டிரைவருக்கு யார் இவ்வளவு கனத்தில் ஸ்பாஞ்ச் போடுகிறார்கள்? இதைச் செய்த மனிதரை அல்லா நன்றாக வைக்கட்டும். என் பெயர் கோவிந்த், இருந்தாலும் சொல்கிறேன்.

உதுமான் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரத் தைரியம் வரவில்லை. நூர் நிஷா பக்கத்தில் கையை வைத்து ஸ்பாஞ்சை அழுத்தினாள், விட்டாள். அது நிதானமாக எழுந்து வந்தது. மறுபடி அழுத்தினாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை முழுவதும் கரைந்து, சஃப்ரீன் நாலு போனோடு வந்து கூப்பிடும் வரை அவள் எழுந்திருக்கவுமில்லை.

டாக்சியில் நூர் நிஷா சஃப்ரீனுக்கும் ஹாஃபிஸாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். உதுமான் முன்சீட்டில் உட்கார்ந்து, இறங்கப்போகும் சந்தை நினைத்துக்கொண்டு வந்தார். பட்டம் போனால் போகட்டும். சந்து வாயிலிலேயே ஹாஃபிஸா எல்லாவற்றையும் கொட்டப் போகிறாள், நூர் நிஷா தலையைக் குனிந்துகொண்டு ஏணி ஏறப் போகிறாள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாட்டுங்கா தாண்டும்போது, ஏதாவது மறியல், ஊர்வலம் வந்து வண்டியை நிறுத்தினால் தேவலை என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சாலை காலியாகக் கிடந்தது.

சந்து காத்திருந்தது. தண்ணீர்க் குழாய் அடியில் ஃபர்ஸானாவின் தலைமையில் ஏழெட்டுப் பெண்கள். ஃபர்ஸானா நூர் நிஷாவுக்கு அடுத்த வீடு, செய்தியைக் கொதிக்கக் கொதிக்க வாங்கிப் பரிமாறுகிறவள். பெரியவர் சோபாவைப் பார்த்தாயா, எப்படி இருந்தது என்றாள். ஹாஃபிஸா வாயைத் திறந்தாள். நூர் நிஷா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சோபா இல்லளா” என்றாள். “இவுக செஞ்சது டிரைவர்மாரு உக்காருத பெஞ்சு. பதினாலு வருஷமா நான் உங்ககிட்டச் சொன்னது தப்பு.”

உதுமான் டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபர்ஸானா, அப்போ ஜனாதிபதி உட்கார்ந்த சோபாவே இல்லையா என்று இழுத்தாள். அவளுடைய குரலில் ஏமாற்றத்தைவிட ருசி அதிகமாக இருந்தது.

“அந்தச் சோபாவையும் பாத்தேன். சுத்திக் கயிறு கெட்டி வச்சிருக்காவ, ஒருத்தரு உக்காரக் கூடாது. ரெண்டு மணி நேரம் நடந்து முட்டு கழண்டு போச்சு. அந்த மாளிகையில நான் உக்காந்தது எங்க வீட்டுக்காரரு செஞ்சதுலதான். எந்திரிக்க மனசில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ஹாஃபிஸா தன் கையை உருவிக்கொண்டு, அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஃபர்ஸானாவின் பக்கம் திரும்பி, அங்கே பெஞ்சுக்கு அண்ணன் பேரையே வைத்திருக்கிறார்கள், உன் வீட்டுக்காரர் பெயரில் ஒரு முக்காலி உண்டா என்று கேட்டாள். அதற்குமேல் குழாயடிப் பேச்சு வேறு திசையில் சூடு பிடித்துவிட்டது.

நூர் நிஷா உதுமானைத் தாண்டி ஏணிப்படிக்குப் போனாள். முதல் படியில் கால் வைத்தவள் திரும்பாமலே சொன்னாள்.

“இனிமே இந்தக் கதைய நான்தான் சொல்லுவேன். நீங்க வாயத் தொறக்கப்படாது.”

உதுமான் சரி என்றார். மேலே வீட்டில் அவள் இருந்தாள், தெருவில் சந்தே இருந்தது, ஒரு மனிதன் நின்று அழ தாராவியில் தனி இடம் கிடையாது. அதனால் அவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடையின் ஷட்டரைத் தூக்கி, உள்ளே போய், மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார்.